தங்கவயலில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு போனதுதான் முதல் தப்பு. "டேய், சைனைடு மேட்டுல ஏறணும்னு சொல்றே, பழசு எதுனா போட்டுக்கினு வா" என்று நண்பன் முந்தின நாளே சொல்லியிருந்தான். நான் கேட்கவில்லை. இதை எழுதும்போது அந்த ஷூ பால்கனியில் கிடக்கிறது, மூன்று தடவை கழுவியாகிவிட்டது, தையல் இடுக்கில் இன்னும் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

எனக்குப் பழைய இரும்பைத் தேடிப் போகும் கிறுக்கு உண்டு. மூடிக் கிடக்கும் மில், ஓடாத ரயில் பாதை, புகை வராத புகைபோக்கி, இதெல்லாம் எங்கே இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. பெங்களூரில் இத்தனை வருடம் இருந்துகொண்டு நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோலார் தங்கவயலுக்கு மட்டும் போனதே இல்லை. இத்தனைக்கும் நான் குடியாத்தத்துக்காரன். எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவில் விசாரித்தாலும், தாத்தாவோ தாத்தாவின் தம்பியோ ஒருத்தராவது தங்கவயலில் வேலை பார்த்திருப்பார். வட ஆற்காடு, தருமபுரி, சேலம், சித்தூர் பக்கமிருந்து போனவர்கள்தான் அந்தச் சுரங்கத்தைத் தோண்டியதே. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரன் அந்த ஊர்ப் பையன் என்பது தெரிந்ததும், "இந்த சனிக்கிழமை நானும் வரேன்டா" என்று ஒட்டிக்கொண்டேன்.

பங்காருப்பேட்டை வரைக்கும் சாதாரண ரயில் பயணம். அங்கிருந்து ஒரு கிளைப் பாதை பிரிந்து சுரங்கங்களுக்காகவே போட்ட மாதிரி போகிறது, போட்டதும் அதற்காகத்தான். பதினாறு கிலோமீட்டர் இருக்கும். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று ஸ்டேஷன் பெயர்கள். ஒரு பெயர் சோழமண்டலக் கரையை நினைவுபடுத்துகிறது, ஒன்று பழைய கிராமத்துப் பெயர், ஒன்று அப்படியே இங்கிலீஷ், கடைசியில் மறுபடி கிராமம். சனிக்கிழமை காலையில் எங்கள் பெட்டியில் கூட்டமே இல்லை. "எதிர்ல போற வண்டியப் பாரு" என்றான். பார்த்தேன், வாசற்படி வரைக்கும் ஆள். சனிக்கிழமையிலும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

கோரமண்டல் தாண்டியதும் ஜன்னல் வழியாக அது தெரிய ஆரம்பித்தது. முதலில் ஏதோ மொட்டைப் பாறை என்று நினைத்தேன். கிட்டே வர வர மடிப்பு மடிப்பாக, மழை அறுத்த கோடுகளோடு, ஒரு செடி கொடி இல்லாமல், வெளுத்த சாம்பல் நிறத்தில் ஒரு மலை. மலையென்று சொல்லக் கூடாதுதான், எல்லாம் மனிதன் கொட்டியது. ஊர்க்காரர்கள் இதைச் சைனைடு மேடு என்பார்கள், டம்ப் என்பார்கள்.

இது எப்படி வந்தது என்றால், கீழேயிருந்து எடுத்த குவார்ட்ஸ் பாறையை மில்லில் போட்டு இடித்து மாவாக்குவார்கள். அந்தக் கூழைப் பாதரசம் தடவிய செம்புத் தகட்டின் மேல் ஓடவிட்டால் தங்கத்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் போன பொடித் தங்கத்துக்காக மணலைச் சயனைடு கரைசலில் ஊறவைத்து, கரைந்து வந்ததைத் துத்தநாகம் போட்டுப் பிரிப்பார்கள். மிச்சமாகும் மணல் இங்கே வந்து விழும். நூற்றிருபது வருடம் விழுந்தது. சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் என்பது கணக்கு. எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன். ரயிலில் சும்மா உட்கார்ந்திருந்தபோது செல்போனில் கணக்குப் போட்டேன், பத்துக் கோடிப் பவுன் வருகிறது. அப்படியானால் ஒரு பவுனுக்கு 330 கிலோ மணல். என் அம்மா கழுத்தில் இருக்கும் நாலு பவுன் செயினுக்கு ஒரு டன்னுக்கு மேல் எங்கேயோ கொட்டிக் கிடக்கிறது.

மேட்டில் ஏறுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். மேல் தோல் காய்ந்து ஓடு மாதிரி இருக்கிறது, அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, அதற்கு அடியில் காலை உள்ளே இழுக்கும் பொடி. பாதி தூரத்தில் என் வலது கால் முழங்கால் வரை போய்விட்டது. அவன் சிரித்துக்கொண்டே கை கொடுத்தான். சின்ன வயதில் தகரத் தட்டில் உட்கார்ந்து இதிலிருந்து சறுக்கி விளையாடுவானாம், வீட்டுக்குப் போனால் அம்மா துடைப்பத்தோடு வாசலில் நிற்பாளாம். மேலே நின்றால் காற்று. அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத தூள் இருப்பது பல்லில் நறநறப்பதை வைத்துத்தான் தெரிகிறது. கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டேன். காற்றடிக்கிற மாதங்களில் ஊர் முழுக்க இதுதானாம், காயப்போட்ட துணியில், மூடாத சோற்றுப் பானையில், எல்லாவற்றிலும். மழை பெய்தால் ஒரு மாதிரி புளித்த வாடை வரும் என்றான். மணலில் இருக்கும் கந்தகத் தாது ஈரமும் காற்றும் பட்டு அமிலமாகிறது. போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: மழை அறுத்த விளிம்பில் நிற்காதீர்கள், அடியில் மண் இருக்காது. குழந்தைகளைக் கூட்டிப்போகாதீர்கள்.

எங்களைப் போல ரீல் எடுக்க வந்த ஒரு கும்பலும் அங்கே இருந்தது. அந்த 'கே.ஜி.எஃப்' படம் வந்ததிலிருந்து இப்படித்தானாம். கறுப்புச் சட்டை, கையில் ஒரு சுத்தியல், பின்னணியில் இசை. ஒரு பையன் என் நண்பனிடம், "அண்ணா, அந்தக் கோட்டை மாதிரி இருக்குமே, அது எந்தப் பக்கம்?" என்று கேட்டான். அது செட்டு தம்பி, எப்பவோ பிரிச்சிட்டாங்க என்று இவன் பொறுமையாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கூசியது. நானும் கேமராவோடுதானே நிற்கிறேன்.

அங்கிருந்து ஹெட்கியர் பார்க்கப் போனோம். ஷாப்ட், அதாவது சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழி, அதன் வாய்க்கு மேலே நிற்கும் இரும்புக் கோபுரம், உச்சியில் இரண்டு பெரிய சக்கரம். அந்தச் சக்கரம் வழியாகத்தான் கம்பி வடம் கேஜ் என்ற கூண்டைக் கீழே இறக்கும், மேலே தூக்கும். ஒரு காலத்தில் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று சுழன்றுகொண்டிருக்குமாம். இப்போது நிற்பவை துருப்பிடித்து, முட்புதர் இடுப்பளவு சூழ்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம். கேட்டில் இருந்த காவலாளி உள்ளே விடவில்லை. நியாயம்தான், நான் கெஞ்சவும் இல்லை. பழைய கேபிளுக்கும் இரும்புக்கும் ஆசைப்பட்டு மூடிய ஷாப்டுக்குள் இறங்கித் திரும்பாமல் போனவர்கள் உண்டு. உள்ளே காற்று எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். பம்பு நின்றதும் அடியிலிருந்து தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. கிலோமீட்டர் கணக்கில் வெட்டிய வழி எல்லாம் இன்று தண்ணீருக்கடியில். வேலி வழியாகவே படம் எடுத்தேன், எதுவும் சரியாக வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை. தங்கம் இருப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது இல்லை. 1802-இல் ஜான் வாரன் என்ற சர்வே அதிகாரி இந்தப் பக்கம் வந்தபோதே உரிகம், மாரிக்குப்பம் ஆட்கள் மண்ணை அலசித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவர் அதைப் பார்த்து எழுதிவைத்தார். எழுபது வருடம் கழித்து, பெங்களூர் கண்டோன்மென்டில் ஓய்வாக இருந்த லாவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் அதைப் படித்துவிட்டு, 1871-இல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பி வந்தார். மைசூர் அரசிடம் லைசென்ஸ் வாங்கியும் அவரால் பெரிதாக ஒன்றும் முடியவில்லை, பணம் பத்தவில்லை. 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்த பிறகுதான் ஆழம் போனார்கள். 1956-இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, பிறகு மத்திய அரசிடம் போனது.

கரண்டுக் கதை இதைவிட நல்ல கதை. நம்ம காவிரி சிவசமுத்திரத்தில் விழுகிற தண்ணீரில் மின்சாரம் எடுத்து, 1902-இல் 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து இங்கே கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத்துக்கே மூன்று வருடம் கழித்து 1905-இல்தான் கரண்ட் வந்தது. எங்கள் அபார்ட்மென்டில் பவர் போகும்போதெல்லாம் இனிமேல் இது ஞாபகம் வரும்.

மத்தியானம் சாப்பாடு அவன் வீட்டில். வீடு என்றால் லைன் வீடு. கம்பெனி காலத்தில் தொழிலாளிகளுக்கு வரிசை வரிசையாகக் கட்டிக் கொடுத்தவை, ஆரம்பத்தில் மூங்கில் தட்டி வைத்த வீடுகளாம், இப்போது ஒவ்வொருவரும் முன்னாலும் பின்னாலும் இழுத்துக் கட்டி, ஷீட் போட்டு, பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். கதவைத் தாண்டினால் தெரு, தெருவைத் தாண்டினால் அடுத்த கதவு. ஒரு வீட்டு வாசலில் அம்பேத்கர் படம், பக்கத்து வாசலில் மாதா, அதற்கடுத்த வாசலில் புத்தர். புத்தர் இங்கே நேற்று வந்தவர் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் இந்தச் சுரங்கத் தொழிலாளிகளிடம்தான் நன்றாக வேர் பிடித்தது, சித்தார்த்தா புத்தகசாலை என்று வைத்து அவர் எழுத்துகளை அச்சுப் போட்டதும் இதே ஊர்தான். பூமிக்கடியில் எட்டு மணி நேரம் பாறை உடைத்துவிட்டு மேலே வந்து பிரஸ் நடத்தியிருக்கிறார்கள்.

நண்பனின் பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கீழே இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். "இன்னா பாக்க வந்தீங்கோ தம்பி?" என்றார். பழைய சுரங்கம் பார்க்க என்றேன். "பாத்தீங்களா?" இல்லை, வெளியே நின்று பார்த்தோம். "வெளிய இன்னா கீது, எல்லாம் கீழ இல்ல கீது" என்று சொல்லிவிட்டு, சோறு வரும்வரை பேசினார். பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வார். பாறைத் தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தது, சிலிகோசிஸ். அந்தத் தெருவில் அந்தப் பெயர் தெரியாத குழந்தை கிடையாது.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3.2 கிலோமீட்டர். இதைப் படித்திருந்தேன். ஆனால் படிப்பது வேறு. தொட்டபெட்டாவை உச்சியோடு உள்ளே இறக்கினாலும் மேலே அரைக் கிலோமீட்டர் மிச்சமிருக்கும், அவ்வளவு ஆழம். தங்கவயல் மேட்டு நிலத்தில் இருந்தும் அந்த அடி கடல் மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. ஒரே கேஜில் அங்கே போய்விட முடியாது, நடுவில் இறங்கி நடந்து இன்னொரு கேஜ் ஏற வேண்டும். அடியில் பாறையைத் தொட்டால் 60 டிகிரிக்கு மேல் சுடும். மேலே ஆலை வைத்துக் காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்புவார்கள். "ஜில்லுனு வருமா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "வரும், கெளம்புற எடத்துல" என்றார்.

அப்புறம் தண்ணி டம்ளரை எடுத்துக் கரண்டியால் தட்டினார். ஒரு தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. "மூணு அடிச்சா ஆளு ஏறுறான்னு அர்த்தம். கல்லு இல்ல, மணலு இல்ல, ஆளு. அப்ப மேல வைண்டிங் இஞ்சின்ல கீறவன் பதனமா இழுப்பான்." கீழே இருப்பவனுக்கும் மேலே இருப்பவனுக்கும் நடுவில் அந்த மணி ஒன்றுதான் பேச்சு. பாறையை ஏற்றும் வேகம் வேறு, ஆளை ஏற்றும் வேகம் வேறு. ஒரு நாள் மணியைத் தப்பாக எண்ணினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பாறை வெடிப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அவ்வளவு ஆழத்தில் மேலிருக்கும் மலை முழுக்க அழுத்திக்கொண்டிருக்கும்போது, நடுவில் இருக்கும் கல்லைத் தோண்டி எடுத்துவிட்டால், சுற்றியிருக்கும் பாறை தாங்காமல் திடீரென்று தெறிக்கும். வெடி வைக்காமலே வெடிக்கும். தோண்டிய இடத்தில் கருங்கல்லை அடுக்கிச் சுவர் மாதிரி கட்டி முட்டுக் கொடுப்பார்கள், அப்படியும் நடக்கும். மேலே ஊரில் அடுப்படியில் பாத்திரம் ஆடும். பெரியம்மா இதுவரை சமையலறையிலிருந்து வெளியே வராமல் இருந்தவர், அங்கிருந்தே, "தட்டு கலகலன்னு ஆடும், நாங்க அப்படியே வெளிய ஓடியாந்து ஷாப்டு பக்கம் பாத்துக்கினே நிப்போம்" என்றார். சங்கு ஊதுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு. சொல்லிவிட்டு ரசம் வேண்டுமா என்று கேட்டார்.

இந்த ஆட்களை அடக்கமான கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. 1930-இல் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, எங்களைத் திருடன் மாதிரி நடத்துகிறாயா என்று மொத்தச் சுரங்கமும் வேலையை நிறுத்தியது. சங்கம் என்று ஒன்று ஒழுங்காக அமையாத காலம் அது. உச்சத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்த இடம். மூடும்போது சில ஆயிரம் பேர்தான் மிச்சம். ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசியில் அரைப் பவுன் தேறுவதே பாடு, அவ்வளவு ஆழத்திலிருந்து அதைத் தூக்கிவரும் செலவு வேறு. கணக்குப் புத்தகப்படி மூடியது சரிதான். பெரியப்பாவும் அதை மறுக்கவில்லை. மூடிய விதத்தைப் பற்றி நிறையச் சொன்னார், அது அவருக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் நடுவில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாம்பியன் பக்கம் நடந்தோம். எனக்கு ஒரு இடத்தை வெளியிலிருந்தாவது பார்க்க வேண்டியிருந்தது. 1965-இல் இந்தச் சுரங்கத்துக்குள் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள். பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம், மூன்று இடத்து ஆட்களும் சேர்ந்து. எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன் எல்லாம் இருந்த குழு. அதே வருடம் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு குழுவும் பிடித்தது, அதுவும் தங்கச் சுரங்கத்துக்குள்தான். மற்ற கதிர்களையெல்லாம் பாறை வடிகட்டிவிட வேண்டும், அதற்கு ஆழம் வேண்டும், ஆழமாகத் தோண்ட வைத்தது தங்க ஆசை. தேனிப் பக்கம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வரும், வரக்கூடாது என்று இத்தனை வருடம் சண்டை போட்டோமே, அதன் முன்கதை இங்கே முட்புதருக்கு அடியில் கிடக்கிறது. போர்டு ஏதாவது இருக்கும் என்று தேடினேன். நான் தேடிய பக்கம் எதுவும் கண்ணில் படவில்லை, ஒரு ஆடுதான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"பெரியப்பா அந்த சயின்டிஸ்டுங்களோட கேஜ்ல போயிருக்காரு" என்றான் நண்பன். போய்க் கேட்டேன். "ஆமா, பெரிய பெரிய பொட்டி எடுத்துக்கினு வருவாங்க. தங்கம் தேடலன்னு சொன்னாங்க. இன்னா தேடுறீங்கன்னு கேட்டா, கண்ணுக்குத் தெரியாதுன்னாங்க" என்று சொல்லிச் சிரித்து, சிரித்ததில் இருமி, பெரியம்மா ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டார்.

நான் கிளம்பும்போது தெருவில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கே வீட்டுக்கு வீடு இஸ்திரி போடுகிறார்கள், டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்கள். திங்கட்கிழமை விடியும் முன் வண்டி பிடிக்க வேண்டும். பெங்களூரில் செக்யூரிட்டி, கட்டட வேலை, மால், ஐடி கம்பெனி ஹவுஸ்கீப்பிங், சில பேர் என் நண்பனைப் போல கம்ப்யூட்டர் முன்னால். தினமும் போய்த் தினமும் திரும்புகிறவர்கள். நான் "கைவிடப்பட்ட ஊர்" என்று தலைப்பு யோசித்துவைத்திருந்தேன், நண்பனிடம் சொல்லியும்விட்டேன். "யார்றா கைவிட்டா? எங்க அம்மா இன்னிக்குக் காலைல கூட வாசல் தெளிச்சா" என்றான். தலைப்பை மாற்றிவிட்டேன்.

பங்காருப்பேட்டையில் வண்டி மாற முக்கால் மணி நேரம் இருந்தது. அந்த ஊர் பானிபூரி கேள்விப்பட்டிருப்பீர்கள், தண்ணி பச்சையாக இருக்காது, பைப்புத் தண்ணி மாதிரி தெளிவாக இருக்கும், வாயில் வைத்ததும்தான் காரம் தெரியும். இரண்டு பிளேட் அடித்தேன். கண்ணில் தண்ணீர் வர, கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தேன். மேட்டில் மூக்கில் கட்டிய அதே கர்ச்சீப். அப்புறம் பெங்களூர் வரும்வரை பல்லில் நறநறவென்று.